வெளிநாட்டில் முதன்முறையாக வாடகைக் கார்: புறப்படும் முன் எதையெல்லாம் முடித்துவைக்க வேண்டும்?

#1 தொலைவழி

நவம்பர் முதல் வாரத்தில் மியூனிக்கில் இறங்கிக் கார் எடுத்து, சால்ஸ்பர்க், லியூப்லியானா வழியாக இத்தாலிக்குள் நுழைந்து, வெனிஸ், ஃபுளோரன்ஸ் பார்த்துவிட்டு, ப்ரென்னர் கணவாய் வழியாகத் திரும்பி மியூனிக்கிலேயே வண்டியை ஒப்படைப்பதாகத் திட்டம். நான், மனைவி, ஆறு வயது மகள். எங்கள் இருவருக்குமே உரிமம் இருக்கிறது. இருவரும் இதுவரை சாலையின் இடப்பக்கம் மட்டுமே, வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியில் மட்டுமே ஓட்டியிருக்கிறோம்.

சாலைக் குறிகளின் அட்டவணையை எடுத்து வைத்துப் படிக்கத் தொடங்கிவிட்டேன். படிக்கப் படிக்க நீளுகிறது. இதைத் தவிர முன்கூட்டியே செய்ய வேண்டியவை என்ன? காப்பீட்டைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். நேரில் ஓட்டியவர்கள் சொன்னால் நம்பிக்கையாக இருக்கும்.

#2 மலைச்சாலை

அட்டவணையை மூடி வைத்துவிட்டு முதலில் காகிதங்களைப் பாருங்கள். குறிகளில் பெரும்பாலானவை படத்திலேயே புரிந்துவிடும். காகிதம் அப்படியல்ல.

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி என்று ஒரு சிறு புத்தகம் தருவார்கள். அது தனி உரிமம் இல்லை, உங்கள் உரிமத்தின் மொழிபெயர்ப்பு. மூல உரிமம் இல்லாமல் அதை மட்டும் நீட்டினால் செல்லாது. உரிமம் வழங்கிய நாட்டில்தான் இதையும் வாங்க வேண்டும் என்பதால் விமானம் ஏறுவதற்கு முன்பே கையில் இருந்தாக வேண்டும். 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வழங்கப்படும் அனுமதி ஓராண்டு செல்லும். 1968 வியன்னா ஒப்பந்தப்படி வழங்கப்படுவது அதிகபட்சம் மூன்றாண்டு செல்லும். இடையில் மூல உரிமம் காலாவதியானால் இதுவும் அத்துடன் முடிந்தது. நாட்டுக்கு நாடு ஏற்பதும் மாறும். ஜப்பான் 1949 வடிவத்தை மட்டுமே ஏற்கிறது. சீனப் பெருநிலத்தில் எந்த வடிவமும் செல்லாது. உங்கள் பாதையில் இத்தாலி கண்டிப்பானது: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே பெற்ற உரிமத்துடன் இந்த அனுமதியோ அதிகாரபூர்வ மொழிபெயர்ப்போ இருக்க வேண்டும்.

இணையத்தில் பணம் கட்டினால் இரண்டே நாளில் அட்டை போட்டுத் தருகிறோம் என்று கடை விரித்திருப்பவர்கள் பக்கம் போகாதீர்கள். பத்தாண்டு செல்லும் என்று அச்சிட்டிருந்தால் அதுவே போலிக்குச் சான்று. எந்த ஒப்பந்தத்திலும் அப்படி ஒரு கால அளவு கிடையாது.

உரிமத்தில் உள்ள பெயர், பாஸ்போர்ட், கிரெடிட் கார்டு மூன்றும் ஒரே எழுத்துக்கோவையில் இருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். முதன்மை ஓட்டுநராக யார் பெயர் இருக்கிறதோ அவர் பெயரில்தான் கார்டும் இருக்க வேண்டும். மனைவியும் ஓட்டுவார் என்றால் இரண்டாம் ஓட்டுநராக ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எழுதாமல் அவர் ஓட்டி ஏதாவது நடந்தால் நீங்கள் கட்டிய காப்பீடு முழுவதும் வீண்.

#3 சாவிக்கொத்து

நான் பல நாடுகளில் வண்டி எடுத்திருக்கிறேன். எந்தக் கவுண்ட்டரிலும் அந்தச் சிறு புத்தகத்தை யாரும் கேட்டதில்லை. உரிமம் ஆங்கில எழுத்தில் இருந்தால் போதும் என்பதே என் அனுபவம். இதற்காக அலுவலகத்துக்கு அலைய வேண்டுமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

#4 மலைச்சாலை

கவுண்ட்டரில் இருப்பவர் கேட்காதது உண்மைதான், அவருக்கு வண்டியை அனுப்ப வேண்டும். கேட்கப் போவது சாலையில் நிறுத்தும் காவலரும், விபத்துக்குப் பிறகு கோப்பைத் திறக்கும் காப்பீட்டு அலுவலரும். அந்த நாட்டில் செல்லும் உரிமத்துடன் ஓட்டினால் மட்டுமே பாதுகாப்பு உண்டு என்ற வரி வாடகை ஒப்பந்தங்களில் இருக்கும். அந்த வரி யாருக்குப் பயன்படும் என்று நினைக்கிறீர்கள்?

#5 பழைய_கியர்

காகித விவாதத்தை நீங்கள் இருவரும் நடத்திக்கொண்டிருங்கள். நான் உடலைப் பற்றிச் சொல்கிறேன்.

ஸ்டீயரிங் பக்கம் மாறினால் கால்கள் குழம்பும் என்று பலர் பயப்படுகிறார்கள். கால்களுக்கு ஒன்றும் ஆகாது. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஆக்சிலரேட்டர் வலது, பிரேக் நடு, கிளட்ச் இடது. குழம்புவது கைகளும் கண்களும்தான். வலப்பக்க ஸ்டீயரிங் கொண்ட ஜப்பானிய வண்டிகளில் இண்டிகேட்டர் தண்டு வலக்கைப் பக்கம் இருக்கும். ஐரோப்பிய வண்டிகளில் இடக்கைப் பக்கம். நல்ல வெயிலில் ஒரு கார் திருப்பத்துக்கு வரும்போது வைப்பரை ஆட்டிக்கொண்டு வந்தால், உள்ளே இருப்பவர் எந்தப் பக்கம் ஓட்டிப் பழகியவர் என்று விசாரிக்க வேண்டியதில்லை.

இதனால் ஆபத்து இல்லை, சிரிப்புதான். ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இத்தனை ஆண்டுகளாக உங்கள் வலத்தோளுக்கு அருகே வண்டியின் உடல் முடிந்திருக்கிறது. இப்போது உங்கள் வலப்புறம் ஒரு இருக்கையும் ஒரு கதவும் கண்ணாடியும் கூடுதலாக இருக்கின்றன. மூளை அதை ஏற்க நேரமாகும். அதுவரை வண்டி தானாக வலது ஓரத்துக்கே போகும். வாடகை வண்டிகளில் வலப்பக்கச் சக்கர விளிம்பும் வலப்பக்கக் கண்ணாடியும் உரசப்படுவதற்குக் காரணம் இதுதான். இதற்கு நான் கண்ட எளிய மருந்து: உலகில் பெரும்பாலும் எந்தச் சாலையிலும் ஓட்டுநர் சாலையின் நடுக்கோட்டை ஒட்டியே உட்கார்ந்திருப்பார். நடுக்கோடு என் தோள்பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பக்கமும் சரி, இடைவெளியும் சரி.

தவறான பக்கம் போவது நெரிசலில் நடக்காது. முன்னால் போகும் வண்டியே வழிகாட்டிவிடும். வெறிச்சோடிய சாலையில்தான் நடக்கும்: பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போது, அதிகாலையில் விடுதியின் வாசலிலிருந்து கிளம்பும்போது, ஒருவழிச் சாலை முடிந்து இருவழிச் சாலையில் திரும்பும்போது, சாலையோரம் நின்று படம் எடுத்துவிட்டு மீண்டும் ஏறும்போது. மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் இன்னும் கவனம் தேவை, ஏனென்றால் அப்போது பழகிவிட்டது என்ற நினைப்பு வந்துவிடும். ஒவ்வொரு முறை வண்டியை எடுக்கும்போதும் பக்கத்தில் இருப்பவர் "வலப்பக்கம்" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறு வயது மகளிடம் இந்த வேலையைக் கொடுத்தால் ஒருநாளும் மறக்க மாட்டாள்.

#6 தொலைவழி

மகளிடம் சொல்லிவிட்டேன். இப்போதே வீட்டுக்குள் நடக்கும்போதும் எங்களை விரட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஆட்டோமேட்டிக் எடுக்கலாமா? மேனுவல் பாதி வாடகைக்குக் கிடைக்கிறது. எனக்கு மேனுவல் நன்றாகவே ஓட்ட வரும்.

#7 பழைய_கியர்

பெயரில் கியரை வைத்துக்கொண்டு நான் இதைச் சொல்வது எனக்கே கசப்பாக இருக்கிறது. ஆட்டோமேட்டிக் எடுங்கள். கியரை இடக்கையால் மாற்றிப் பழகியவர் வலக்கையால் மாற்றக் கற்றுக்கொள்வார், அது முடியாத காரியமில்லை. ஆனால் முதல் நாள் உங்கள் கவனத்தில் மிச்சம் என்று எதுவும் இருக்காது. புதிய பக்கம், புதிய மொழி, வழிகாட்டும் குரல், பின்னால் அவசரப்படும் வண்டி எல்லாம் சேர்ந்த வேளையில் மலைச் சாலை ஏற்றத்தில் இடக்கை போய்க் கதவில் இடிக்க வேண்டாம். முன்பே ஆட்டோமேட்டிக் என்று குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் கிடைக்காமலும் போகலாம்.

#8 நிதானம்

சாவிக்கொத்து சொல்வதில் பாதி எனக்கு உடன்பாடில்லை, ஆனால் அதை விட்டுவிடுகிறேன். காப்பீடு பற்றி யாரும் விளக்கவில்லை. பணம் கரைவது அங்கேதான்.

கவுண்ட்டரில் சி.டி.டபிள்யூ. என்று சொல்வார்கள். அது காப்பீடே அல்ல. வண்டிக்குச் சேதமானால் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டோம் என்று நிறுவனம் தரும் விலக்கு. அந்தக் குறிப்பிட்ட தொகைக்கு எக்ஸஸ் என்று பெயர். சின்னக் கீறல் என்றாலும் அந்த எல்லை வரை உங்கள் பை. எக்ஸஸ் அளவுக்கோ அதற்கு மேலோ ஒரு தொகையை வண்டி எடுக்கும்போதே கிரெடிட் கார்டில் தடுத்து வைப்பார்கள். கார்டின் வரம்பு அதற்குப் போதவில்லை என்றால் வண்டி கிடையாது. பல நிறுவனங்கள் இதற்கு டெபிட் கார்டை ஏற்பதில்லை. பயணத்தின் மற்ற செலவுகளுக்கும் அதே கார்டைத்தான் நம்பியிருக்கிறீர்கள் என்றால் இன்னொன்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

அடுத்தது, விலக்குக்குள் வராதவை. டயர், முன்கண்ணாடி, கூரை, அடிப்பகுதி, உள்ளிருக்கை, தொலைந்த சாவி, தவறான எரிபொருள் ஊற்றியதால் வந்த பழுது ஆகியவை பெரும்பாலும் வெளியே நிற்கும். எதெது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆகவே பதிவு செய்யும் முன் நிபந்தனைப் பக்கத்தைத் திறந்து இந்தச் சொற்களைத் தேடிப் படிக்க வேண்டும். நாட்டுக்கு நாடும் மாறும். ஐஸ்லாந்தில் சரளைக் கல் தெறித்து வரும் சேதத்துக்கும், காற்றோடு வரும் மணல், எரிமலைச் சாம்பல் சேதத்துக்கும் தனித்தனிப் பாதுகாப்பு விற்கிறார்கள். காற்று பிடுங்கிக் கதவு பின்னோக்கி மடங்கினால் பல நேரம் எதிலுமே சேராது.

மற்றவர் வண்டிக்கும் உயிருக்கும் நேரும் சேதத்துக்கான காப்பீடு தனி. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அது சட்டப்படி வாடகையிலேயே அடங்கும். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் குறைந்தபட்சத் தொகை வேறு, அது பெரும்பாலும் மிகச் சிறியது. அங்கே போகிறவர்கள் முதலில் கவலைப்பட வேண்டியது இதற்குத்தான், வண்டியின் கீறலுக்கு அல்ல.

#9 சாவிக்கொத்து

அதனால்தான் கவுண்ட்டரில் சொல்லும் முழுப் பாதுகாப்பை வாங்கிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும் என்கிறேன். எக்ஸஸ் பூஜ்யம். சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். விடுமுறைக்குப் போகிறவருக்கு நிம்மதிக்கும் ஒரு விலை இருக்கிறது.

#10 நிதானம்

அந்த நிம்மதி சில நேரம் வாடகையையே மிஞ்சிவிடுகிறதே. எக்ஸஸ் தொகையை மட்டும் ஈடுசெய்யும் காப்பீட்டைத் தனி நிறுவனங்களிடம் முன்கூட்டியே வாங்கலாம், கவுண்ட்டர் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும். டயர், கண்ணாடி, அடிப்பகுதி ஆகியவற்றையும் அவற்றில் பல சேர்த்துக்கொள்கின்றன. சில கிரெடிட் கார்டுகளிலேயே இது அடக்கம். அந்தக் கார்டால் வாடகையைக் கட்டி, கவுண்ட்டர் தரும் விலக்கை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும். விலக்கப்பட்ட நாடுகளின் பட்டியலும் இருக்கும்.

#11 சாவிக்கொத்து

அதன் குறையையும் சொல்லுங்கள். சேதம் என்றால் நிறுவனம் முதலில் உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும். நீங்கள் பில், புகைப்படம், காவல் அறிக்கை எல்லாம் சேகரித்து வீடு திரும்பிய பிறகு தனிக் காப்பீட்டிடம் கேட்டு வாங்க வேண்டும். முன்தொகையும் முழுதாகத் தடுக்கப்படும். வேண்டாம் என்று சொன்னவுடன் கவுண்ட்டரில் இருப்பவரின் முகம் மாறுவதையும் பார்க்கலாம்.

#12 நிதானம்

ஒப்புக்கொள்கிறேன். பணத்தைப் பிறகு திரும்பப் பெறுவதற்குப் பொறுமையும் கோப்பு வைக்கும் பழக்கமும் உள்ளவர்களுக்குத்தான் இது சரிப்படும். இல்லாதவர்கள் கவுண்ட்டரில் வாங்கிவிடலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இரண்டையும் வாங்குவதுதான் வீண். இடைத்தரகு இணையதளத்தில் பதிவு செய்யும்போது "முழுப் பாதுகாப்பு" என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் விற்கப்படுவது பெரும்பாலும் நான் சொன்ன, முதலில் கட்டிவிட்டுப் பிறகு திரும்பப் பெறும் வகைதான். அதை வாங்கியவர் கவுண்ட்டரில் போய் எனக்கு எல்லாம் இருக்கிறது என்பார். கவுண்ட்டரில் இருப்பவர் எங்களிடம் எதுவும் இல்லை என்பார். இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். எட்டு மணி நேர விமானப் பயணத்துக்குப் பிறகு இதைப் புரிந்துகொள்ள முயல வேண்டாம், வீட்டிலேயே முடிவெடுத்து, எந்தெந்தத் தாளில் கையெழுத்திடுவது என்று தீர்மானித்துவிட்டுப் போங்கள்.

#13 இரவுப்பயணி

விமானப் பயணம் என்றதும் ஒன்று. இறங்கிய அன்றே நெடுஞ்சாலையில் ஏறாதீர்கள். தூக்கம் கெட்ட உடம்பு, பழகாத பக்கம். ரயிலில் நகருக்குள் போய் ஓர் இரவு தூங்கி எழுந்து மறுநாள் காலை வண்டி எடுத்தால் ஒரு நாள் வாடகையும் மிச்சம். விமான நிலையக் கிளைகள் வாங்கும் கூடுதல் கட்டணமும் தப்பும். நகரக் கிளைகள் பல ஞாயிறு மூடியிருக்கும், சனிக்கிழமை மதியத்தோடு முடித்துக்கொள்பவையும் உண்டு. நேரத்தைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.

#14 வரைபடம்

தொலைவழி அவர்களே, உங்கள் பாதையை அப்படியே ஓட்டியிருக்கிறேன். பாதைக்கே உரிய விஷயங்களைச் சொல்கிறேன்.

ஜெர்மனியில் கார்களுக்குச் சுங்கம் இல்லை. ஆஸ்திரியா, ஸ்லோவேனியா இரண்டிலும் விரைவுச் சாலைக்கு வின்யெட் வேண்டும், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு முன்கூட்டியே பணம் கட்டிப் பெறும் சாலை அனுமதி. இரண்டும் தனித்தனி. ஆஸ்திரியாவில் பத்து நாள் வின்யெட் உண்டு, ஆகவே போவதும் திரும்புவதும் அந்தப் பத்து நாளுக்குள் அடங்கினால் ஒன்றே போதும். ஸ்லோவேனியாவில் ஒட்டும் வில்லையே கிடையாது, வண்டி எண்ணோடு இணைந்த மின்வின்யெட் மட்டும்தான். இங்கே ஒரு சிக்கல் வரும்: எண்ணைக் கொடுத்துத்தான் வாங்க முடியும், வண்டி கைக்கு வரும்வரை எண் தெரியாது. ஆகவே சாவி வாங்கிய பிறகு, நிறுத்துமிடத்தை விட்டுக் கிளம்பும் முன் கைப்பேசியிலேயே வாங்கிவிடுங்கள். வழியில் பழுதாகி வேறு வண்டி கொடுத்தால் பழைய எண்ணுக்கு வாங்கியது உங்களுக்கு உதவாது என்பதும் நினைவிருக்கட்டும். யாராவது சுவிட்சர்லாந்து வழியாகப் போகச் சொன்னால், அங்கே குறுகிய கால வின்யெட்டே இல்லை; ஒரே ஒரு மணி நேரம் ஓட்டினாலும் 40 பிராங்க் ஆண்டு வின்யெட்தான்.

வின்யெட் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்கவும் முடியாது. சால்ஸ்பர்க்கிலிருந்து தெற்கே போகும் டாவர்ன் சுரங்கப் பகுதிக்கும், ஸ்லோவேனியாவுக்குள் நுழையும் கரவாங்கன் சுரங்கத்துக்கும் தனிக் கட்டணம். திரும்பும் வழியில் ப்ரென்னர் ஏ13 சாலைக்கும் அப்படியே. சுங்கச்சாவடியில் கார்டு வாங்குவார்கள்.

இத்தாலிக்குள் பல விரைவுச் சாலைகளில் நுழையும்போது சீட்டு எடுத்து, வெளியேறும்போது பணம் கட்டும் முறை. மஞ்சள் நிற டெலிபாஸ் தடத்தில் மட்டும் நுழைந்துவிடாதீர்கள். அது தானாகச் சுங்கம் கட்டும் கருவியை வண்டியில் வைத்திருப்பவர்களுக்கானது. வேக வரம்பு மணிக்கு 130 கிலோமீட்டர். மழை பெய்தால் 110. நவம்பரில் இந்த இரண்டாவது எண்தான் உங்களுக்குப் பயன்படும்.

#15 வரைபடம்

ஃபுளோரன்ஸ் தனிப் பதிவு கேட்கிறது. இத்தாலிய நகரங்களின் பழைய மையங்களில் இசட்.டி.எல். என்ற தடைப்பகுதி இருக்கிறது. அனுமதி இல்லாத வண்டி எல்லையைத் தாண்டியதும் கேமரா எண்ணைப் பதிவு செய்துவிடும். தடுப்பும் கிடையாது, காவலரும் கிடையாது, உங்களுக்கு எதுவும் தெரியவும் தெரியாது. அபராதம் முதலில் வண்டி உரிமையாளரான நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் உங்கள் முகவரியைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததற்கே ஒரு சேவைக் கட்டணத்தைக் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். அபராதக் கடிதம் பல மாதம் கழித்து வீட்டுக்கு வரும். வழி தெரியாமல் இரண்டு முறை சுற்றி நுழைந்தால் இரண்டு அபராதம். வழிகாட்டிச் செயலிகள் இந்த எல்லையை எப்போதும் சரியாக மதிப்பதில்லை.

விடுதி மையத்துக்குள் இருந்தால் உங்கள் வண்டி எண்ணை அனுமதிப் பட்டியலில் சேர்க்க முடியுமா என்று முன்பே கேளுங்கள். நான் சொல்வது இன்னும் எளிது: ஏ1 விரைவுச் சாலையிலிருந்தே நேராக நுழையும் வில்லா கோஸ்தான்சா நிறுத்துமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு டிராமில் நகருக்குள் போங்கள். வெனிஸ் இந்த வகையில் தொல்லை தராத ஊர். சாலை நகரின் வாசலில் உள்ள பியாஸ்ஸாலே ரோமா சதுக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு முன்பே நிலப்பகுதியில் உள்ள மெஸ்த்ரேயில் வண்டியை நிறுத்தி ரயில் ஏறினால் செலவும் குறையும்.

#16 தொலைவழி

இந்த இசட்.டி.எல். பற்றி நான் படித்த அட்டவணையில் ஒரே ஒரு வட்டமும் கீழே நேரமும் போட்டிருந்தது. இவ்வளவு இருக்கிறது என்று தெரியாது. சந்திப்புகளில் யாருக்கு முன்னுரிமை என்பதையும் யாராவது சொல்லுங்கள். குறியே இல்லாத சந்திப்பு என்றால் என்ன செய்வது?

#17 மலைச்சாலை

இந்த ஒரு விதிக்காகத்தான் படிப்பு தேவை. குறி எதுவும் இல்லாத சந்திப்பில் உங்கள் வலப்புறத்திலிருந்து வருபவருக்கு வழிவிட வேண்டும். அது சின்னத் தெருவாக இருக்கலாம், நீங்கள் நேராகப் போகும் பெரிய தெருவில் இருக்கலாம். அவர் நிற்க மாட்டார், ஏனென்றால் உரிமை அவருடையது. ஜெர்மனியின் குடியிருப்புத் தெருக்களில் இது ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் வரும். வெள்ளை விளிம்புடன் மஞ்சள் வைரக் குறி தெரிந்தால் நீங்கள் முன்னுரிமைச் சாலையில் இருக்கிறீர்கள். அதே குறியின் மேல் கறுப்புக் கோடு குறுக்கே போட்டிருந்தால் அந்த உரிமை முடிந்தது.

ரவுண்டானாவில் சுற்றுவது எதிர்த்திசையில், கடிகார முள்ளுக்கு மாறாக. இடப்பக்கத்திலிருந்து வருபவரைப் பார்க்க வேண்டும். தெருவைக் கடக்கும் பாதசாரியாகவும் முதலில் இடப்பக்கம் பாருங்கள், வண்டியில் ஏறும் முன்பே இந்தப் பழக்கம் உதவும்.

சிக்னல் விளக்குகள் ஐரோப்பாவில் பெரும்பாலும் சந்திப்புக்கு முன்னாலேயே இருக்கும். அமெரிக்காவில் எதிர்ப்புறத்தில் தொங்கும். கோட்டைத் தாண்டி நின்றால் விளக்கு தலைக்கு மேலோ பின்னாலோ போய்விடும், பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்துத்தான் பச்சை விழுந்தது தெரியவரும். சிவப்பில் வலப்பக்கம் திரும்பும் அமெரிக்க வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். அமெரிக்காவிலேயே நியூயார்க் நகரில் அது கூடாது.

ஜெர்மன் விரைவுச் சாலையில் சில பகுதிகளுக்கு வேக வரம்பு இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வலப்பக்கமாக முந்தக் கூடாது என்பதும், முந்தியதும் வலது தடத்துக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதும் அந்த அளவுக்குப் பரவவில்லை. இடது தடத்தில் சாவகாசமாகப் போனால் பின்கண்ணாடியில் புள்ளியாக இருந்த வண்டி கண்மூடித் திறப்பதற்குள் பம்பரை ஒட்டி நிற்கும். நெரிசலில் எல்லோரும் நின்றால், இடக்கோடித் தடத்தில் இருப்பவர்கள் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி ஆம்புலன்சுக்கு நடுவே வழி விட வேண்டும். சத்தம் கேட்ட பிறகு அல்ல, வேகம் குறையும்போதே. ஆஸ்திரியாவிலும் இதே விதி.

#18 இரவுப்பயணி

நவம்பர் என்றால் டயர். ஜெர்மனியில் பனி, உறைபனி இருந்தால் குளிர்கால டயர் இல்லாமல் ஓட்டக் கூடாது. ஆஸ்திரியாவில் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை அத்தகைய நிலையில் கட்டாயம். டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமும் பனித்துகளும் கொண்ட குறி இருக்கிறதா என்று எடுக்கும்போதே குனிந்து பாருங்கள். 2024 அக்டோபர் முதல் ஜெர்மனியில் இந்தக் குறி உள்ளவற்றையே ஏற்கிறார்கள். பதிவு செய்யும்போது இதற்குத் தனிக் கட்டணம் கேட்கிறார்களா என்பதும் நிபந்தனைப் பக்கத்தில் இருக்கும்.

எல்லை தாண்டப் போவதையும் அப்போதே சொல்லுங்கள். எந்த நாட்டுக்கு எந்த மாடல் போகலாம் என்று நிறுவனங்கள் பட்டியல் வைத்திருக்கின்றன. விலை உயர்ந்த சில மாடல்களை இத்தாலிக்குள்ளோ கிழக்கு ஐரோப்பாவுக்குள்ளோ கொண்டுபோக விடமாட்டார்கள். பெரிய வண்டிக்கு இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று கவுண்ட்டரில் சொன்னால் மகிழ்ச்சியில் தலையாட்டும் முன் அந்தப் பட்டியலைக் கேளுங்கள்.

#19 சாவிக்கொத்து

இதில் எனக்கும் இரவுப்பயணிக்கும் கருத்து வேறுபாடில்லை. பெரிய வண்டி வேண்டவே வேண்டாம். பழைய இத்தாலிய ஊர்களின் சந்துகளையும், அடித்தள நிறுத்துமிடங்களின் சாய்தளத் திருப்பங்களையும் பார்த்தவர்கள் சிறிய வண்டியைத்தான் கேட்டு வாங்குவார்கள். பெட்டிகள் எத்தனை என்று எண்ணி, அவை அடங்கும் மிகச் சிறியதை எடுங்கள். வெளியே தெரியும்படி பெட்டியை வைத்துவிட்டு எங்கும் போகாதீர்கள்.

#20 நிதானம்

வண்டியை வாங்கும் வேளைக்கு வருகிறேன். கிளம்பும் முன் வண்டியைச் சுற்றி இடைவிடாமல் ஒரு வீடியோ எடுங்கள். நாலு கதவையும் எடுத்துவிட்டு முடித்துவிடுவார்கள் பலர். சக்கர விளிம்புகள், முன்கண்ணாடி, கூரை, பம்பரின் அடிவிளிம்பு ஆகியவற்றில்தான் பிறகு வழக்கு வரும். எரிபொருள் முள்ளும் ஓடிய தூரமும் தெரியும்படி ஒரு படம். நிறுவனத்தின் சேதத்தாளில் இல்லாத கீறலைக் கண்டால் ஊழியரை அழைத்து எழுதச் சொல்லுங்கள். மழையில், இருட்டில், அழுக்கு வண்டியில் கீறல் தெரியாது. வெளிச்சமான இடத்துக்கு நகர்த்திப் பாருங்கள்.

ஒப்படைக்கும்போதும் அதே வீடியோ. அலுவலகம் மூடிய பிறகு சாவியைப் பெட்டியில் போட்டுவிட்டுப் போகும் முறையில், மறுநாள் ஊழியர் வந்து பார்க்கும்வரை வண்டி உங்கள் பொறுப்பிலேயே இருப்பதாகப் பல ஒப்பந்தங்கள் சொல்கின்றன. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் அப்படி ஒரு இரவுக்குப் பிறகு கதவுப் பள்ளத்துக்குப் பணம் கேட்டார்கள். நேரம் பதிந்த வீடியோவை அனுப்பியதும் கோரிக்கை வந்த வழியே போனது.

கார்டு எந்திரம் உங்கள் நாட்டு நாணயத்திலா, யூரோவிலா என்று கேட்டால் யூரோ.

#21 பழைய_கியர்

எரிபொருள். மூடியின் உட்புறம் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 அக்டோபரிலிருந்து ஒரே அடையாள முறை: வட்டத்துக்குள் இ5, இ10 என்றால் பெட்ரோல், சதுரத்துக்குள் பி7 என்றால் டீசல். குழாயின் நிறத்தை நம்பவே கூடாது. ஐரோப்பாவில் பச்சைக் குழாய் பெட்ரோல், அமெரிக்காவில் பெரும்பாலும் டீசல். இத்தாலியில் கசோலியோ என்று எழுதியிருப்பது டீசல். தவறாக ஊற்றிவிட்டது தெரிந்தால் எஞ்சினை இயக்காமல் நிறுவனத்தை அழைக்க வேண்டும். இயக்கினால்தான் செலவு பெருகும்.

ஆளில்லா நிலையங்களில் கார்டுக்கு நான்கு இலக்க ரகசிய எண் கேட்கும். உங்கள் கார்டின் ரகசிய எண்ணைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

#22 தொலைவழி

விபத்து நடந்தால் என்ன செய்வது என்பதை யாரும் இன்னும் தொடவில்லை. பேசக் கூடாத பேச்சு என்று விட்டுவிட்டீர்களா?

#23 மலைச்சாலை

பேச வேண்டிய பேச்சுதான். முதலில் ஒளிரும் மேலாடையை அணிந்துதான் இறங்க வேண்டும். ஆகவே அது டிக்கியில் இருந்தால் பயனில்லை, இருக்கைக்கு அருகே வையுங்கள். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் சாலையில் வையுங்கள். அவசர எண் நீங்கள் போகும் நான்கு நாடுகளிலும் 112.

வண்டிப் பெட்டியில் ஐரோப்பிய விபத்து அறிக்கைப் படிவம் இருக்கும். இரு ஓட்டுநர்களும் சேர்ந்து நிரப்பிக் கையெழுத்திட வேண்டிய ஒரே தாள். எந்த மொழியில் இருந்தாலும் கட்டங்களின் அமைப்பும் எண்களும் ஒன்றே. உங்களுக்குத் தெரிந்த மொழியின் பிரதியை வீட்டிலேயே அச்சிட்டு எடுத்துச் சென்றால், இத்தாலியப் படிவத்தின் பக்கத்தில் வைத்து எண்ணைப் பார்த்தே நிரப்பிவிடலாம். புரியாத வரியில் கையெழுத்திட வேண்டாம். சின்னச் சேதம் என்று எதிராளி கைகுலுக்கிவிட்டுப் போகப் பார்த்தாலும் நிறுவனத்தை அழையுங்கள். சேதம் நடந்ததும் தெரிவிக்க வேண்டும், சில வகைக்குக் காவல் அறிக்கை வேண்டும் என்று ஒப்பந்தம் சொல்லும். அந்த எண்ணைக் கைப்பேசியில் சேமிக்கும் வேலையை வாகன நிறுத்துமிடத்திலேயே முடியுங்கள்.

#24 வரைபடம்

குழந்தை இருக்கை பாக்கி. ஜெர்மனியில் 12 வயதுக்குக் கீழ், 150 சென்டிமீட்டருக்குக் குறைவானவர்களுக்குக் கட்டாயம். இத்தாலியில் 150 சென்டிமீட்டர். ஆஸ்திரியாவில் 14 வயதுக்குக் கீழ், 135 சென்டிமீட்டருக்குக் குறைவு. ஆறு வயதுக்கு நான்கு நாட்டிலும் வேண்டும். சொந்த இருக்கையைக் கொண்டுபோவதென்றால் அதில் ஐ.நா. தர ஒப்புதல் வில்லை, ஆர்44 அல்லது ஆர்129, இருக்க வேண்டும். வாடகைக்கு எடுப்பதென்றால் உயரமும் எடையும் குறிப்பிட்டுப் பதிவு செய்யுங்கள். கொடுக்கும்போது பட்டை அறுந்திருக்கிறதா, பூட்டு விழுகிறதா என்று அங்கேயே மாட்டிப் பாருங்கள்.

#25 தொலைவழி

எல்லோருக்கும் நன்றி. முடிவு செய்தவை: அனுமதிப் புத்தகத்துக்கு விண்ணப்பித்தாயிற்று, இருவருக்கும். சிறிய ஆட்டோமேட்டிக். இறங்கிய மறுநாள் காலை நகரக் கிளையில் எடுக்கிறோம், வெள்ளிக்கிழமை. கோப்பு வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை, மனைவிக்கு இருக்கிறது. ஆகவே நிதானம் சொன்ன தனிக் காப்பீடு; தாள்கள் எல்லாம் அவர் பொறுப்பு. ஃபுளோரன்ஸில் டிராம்.

ஒரே ஒரு கேள்வி. ஆஸ்திரிய வின்யெட்டை மியூனிக்கிலேயே வாங்கிவிடவா, எல்லையில் வாங்கிக்கொள்ளலாமா?

#26 வரைபடம்

நிறுத்துமிடத்திலேயே, ஸ்லோவேனியாவுக்கானதோடு சேர்த்து. இரண்டு நாட்டுச் சாலை நிறுவனங்களின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், இடையில் கூடுதல் கட்டணம் வைத்து விற்கும் தளங்கள் தேடலில் முதலில் வரும். எண்ணை வண்டியின் பலகையைப் பார்த்து அடியுங்கள், ஒப்பந்தத் தாளைப் பார்த்து அல்ல. பதிவு நாடு ஜெர்மனி என்று தேர்ந்தெடுக்க மறக்க வேண்டாம்.